சொல்லி வைத்த டிபன்

கான்கிரீட் போடுகிற நாளில் காலை டிபன் வீட்டுக்காரர் செலவு. எங்கள் வேலையில் அது வழக்கம். மிக்சர் ஓட ஆரம்பித்துவிட்டால் தளம் முடிகிற வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்திய இடத்தில் பின்னால் தண்ணீர் ஒழுகும். அதனால் ஆட்களுக்கு வயிறு நிறையப் போட்டுத்தான் வேலையில் இறக்குவார்கள். வீட்டுக்காரர் பக்கத்துக் கடையில் சொல்லி வைத்திருப்பார். நாங்கள் போய்த் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவோம். கல்லாப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். சில வீட்டுக்காரர்கள் கடையில் சொல்லாமல் மேஸ்திரி கையில் காசைக் கொடுத்துவிடுவார்கள். அப்போது அவர் கட்டுவார். இரண்டில் எது என்று சித்தாள்கள் கேட்பதில்லை.

அந்தச் சனிக்கிழமையும் நான் கேட்கவில்லை.

பீளமேட்டில் கோவிந்தராஜுலு என்பவருடைய வீட்டுக்கு மேல்தளம். மேஸ்திரி லட்சுமணசாமி. அவர் கேங்கில்தான் நான் பல வருசமாகச் சட்டி தூக்குகிறேன். அன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியதும், "ஓனரு டிபன் சொல்லி வெச்சிருக்காராமா. வெரசலா நடங்க, மிக்சர் வாரதுக்குள்ள தின்னு முடிக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி முன்னால் போனார். தினமும் டீ குடிக்கிற ரங்கநாயகி மெஸ்ஸுக்குள் நேராக நுழைந்தார். பின்னால் நாங்கள் பன்னிரண்டு பேர்.

ரங்கநாயகியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "கான்கிரீட் ஆளுங்கதான? சொல்லியிருக்காங்க. உள்ற போய் உக்காருங்க."

பிறகென்ன. உட்கார்ந்தோம்.

மற்றவர்களுக்கு அது டிபன் தின்கிற இடம். எனக்கு அப்படியில்லை. அந்த மெஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் எழுத்துக் கூட்டப் படித்ததே நாற்பது வயசுக்கு மேலேதான். டீ ஆறுகிற வரை நின்று கூட்டிப் பார்த்தேன். பாத்திரம் கழுவ ஆள் தேவை. என் வலது முழங்கால் இனிமேல் சட்டியோடு படி ஏறாது. மேஸ்திரி பார்த்து என்னைக் கீழே ஜல்லி அள்ளிப் போட வைத்திருக்கிறார். அதுவும் எத்தனை நாளைக்கு? வியாழக்கிழமை ரங்கநாயகியம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"எந்த ஊரு அம்மணி?"

"அன்னூருங்க."

"அன்னூருல எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தார். "பாத்திரம் மட்டுந்தான். சமையக்கட்டுக்குள்ள வர வேண்டியதில்ல. திங்கக்கெழம வா, பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' என்கிற சொல்லைத்தான் இரண்டு நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி காதிலும் போட்டு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் என்னைப் பார்த்ததும் அவர் அடையாளம் கண்டுகொண்டார். "நீ இந்த கேங்கா?" என்று கேட்டு, தட்டில் ஒரு வடையைக் கூடுதலாக வைத்தார். அந்த வடையை நான் கடைசியில் தின்னலாம் என்று ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தபோது மேஸ்திரிக்குப் போன் வந்தது. மிக்சர் வந்துவிட்டது. "எந்திரிங்க, எந்திரிங்க!" பாதிப் பேர் கை ஈரத்தோடு ஓடினோம். வடை என் கையில்.

வாசலைத் தாண்டும்போது மேஸ்திரி ஒரு நொடி நின்றார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. கல்லாவைப் பார்த்தார். அங்கே ரங்கநாயகியம்மாவின் மகள் மானசா போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரியின் கை வெறுங்கையாக வெளியே வந்தது. நடந்தார்.

நான் பார்த்தேன். பார்த்தபோது அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

வெயில் ஏறிய பிறகு டீ வாங்கப் போன பிரவின்குமார் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் எங்கள் கேங்கில் கொத்தனார்.

"அக்கோவ், மெஸ்ஸுல ஒரே ரகளைங்க்கா. மூணு ஊடு தள்ளி அந்த இன்ஜினியர் அம்மா, சைதன்யா மேடம் ஊட்டுலயும் இன்னிக்குக் கான்கிரீட்டு. அவுங்க ஆளுங்களுக்கு டிபன் சொல்லி வெச்சிருந்தாங்களாமா. அவிங்க போனா இட்லிப் பானை காலி. யாரோ வந்து தின்னுபோட்டுப் போயிட்டாங்களாமா! அந்தம்மா நடுரோட்டுல நின்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். டீத் தூக்கைக் கீழே வைத்தான்.

"அட கெரகமே," என்றான். "நாமளா?"

மிக்சர் உருண்டுகொண்டிருந்தது. என்னோடு ஜல்லி அள்ளுகிற அன்புக்கரசி மண்வெட்டியை நிறுத்தவில்லை. "நாம என்ன பூட்ட ஒடச்சா தின்னோம்? அந்தம்மாதான உக்காருங்கன்னாங்க?"

"அவுங்க உக்காரச் சொன்னது இன்னொருத்தரை," என்றேன்.

"அது அவுங்க தப்பு."

"தின்னது நம்ம வயித்துலதான இருக்குது?"

"அப்ப என்ன, கக்கிக் குடுக்கறியா?" என்றாள் அன்புக்கரசி. பிரவின்குமார் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கேங்கில் அந்தம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான். அன்னூரில் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் தெரியும். வேலை கேட்கிற மாதிரி வந்து, கடையை நோட்டம் விட்டு, ஆளைக் கூட்டி வந்து தின்றுவிட்டுப் போனாள் என்று நினைத்தால்? என்னைக் கேட்டால் நானே அப்படித்தான் நினைப்பேன்.

அப்போதுதான் மேஸ்திரியின் கை ஞாபகம் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாங்கள் கிளம்பும்போது, கேட்டுக்குப் பக்கத்தில் கோவிந்தராஜுலு மடித்த எதையோ மேஸ்திரி கையில் வைத்தார். மேஸ்திரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டார். காசைத்தானே மனுசன் கண்ணில் ஒற்றுவான்?

மேஸ்திரி கீழே இறங்கியபோது கேட்டேன். "ஏனுங்க மேஸ்திரி, டிபன் காசு யாரு குடுத்ததுங்க?"

"ஜல்லி போடு முதல்ல. கலவை இறுகுது."

"இல்லீங்க, மெஸ்ஸுல..."

"சாயந்திரம் பேசிக்கலாம் அம்மணி. இப்ப நின்னா அந்தக் கூரை ஒழுகும். உன்ற ஊட்டுக் கூரையா, என்றதா?"

மேலே ஏறிவிட்டார். நான் அள்ளினேன். ஒவ்வொரு சட்டிக்கும் அவர் மேல் எனக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. பேச்சை மாற்றுகிறார். முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். மத்தியானம் கோவிந்தராஜுலு வந்து, "டிபன் ஆச்சா எல்லாருக்கும்?" என்று கேட்டபோது மேலேயிருந்து மேஸ்திரி, "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று அவசரமாகக் கத்தினார். கோவிந்தராஜுலு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு போனார். அதையும் நான் சேர்த்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் கண்ணுக்கு எல்லாமே ஜல்லி மாதிரி; அள்ள அள்ள இருக்கிறது.

தளம் முடிந்தது. மற்றவர்கள் சட்டியும் மண்வெட்டியும் கழுவிக்கொண்டிருந்தபோது, நான் சிமெண்ட்டுக் காலோடு மெஸ்ஸுக்குப் போனேன்.

ரங்கநாயகியம்மா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வந்துட்டியா? வடை போதலியா?"

"தவறு நடந்துபோச்சுங்க. எங்களுக்குத்தான் சொல்லி வெச்சிருக்காங்கன்னு..."

"தவறாமா! பதிமூணு பேருக்கும் ஒரே நேரத்துல வர்ற தவறா? அந்த இன்ஜினியர் மேடம் ரெண்டு கேங்குக்குக் காசு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. எம் பொண்ணு அழுதுட்டு உக்காந்திருக்கா. எந்தப் பக்கம்னு கேட்டப்பவே நான் நெனச்சேன்."

கடைசிச் சொல் நெஞ்சில் வந்து நின்றது. நான் பேச நினைத்து வந்தது வேறு. எல்லோரும் சேர்ந்து தின்றோம், எல்லோரும் சேர்ந்து கட்டிவிடுகிறோம் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது இது:

"நாங்க இல்லீங்க. மேஸ்திரி கையில காசு இருக்குதுங்க. நேத்து சாயந்திரம் கேட்டுக்குப் பக்கத்துல ஓனரு குடுத்தத என்ற கண்ணால பாத்தனுங்க."

ரங்கநாயகியம்மாவின் முகம் மாறியது. என் மேலிருந்த பார்வை விலகி வேறு இடத்துக்குப் போவதை நான் நின்று பார்த்தேன். அது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை எழுதிப் பிரயோஜனம் இல்லை.

"வா," என்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கட்டடத்துக்கு நடந்தார். கோவிந்தராஜுலு அங்கேதான் இருந்தார். எல்லோரும் இருந்தார்கள்.

"ஏனுங்க மேஸ்திரி," என்றார் ரங்கநாயகியம்மா. "ஓனரு குடுத்த டிபன் காசப் பாக்கெட்டுல போட்டுட்டு, என்ற கடையில ஓசியில தின்னுட்டு வந்துட்டீங்களே, நல்லாருக்குதுங்களா?"

மேஸ்திரி ஒன்றும் புரியாமல் விழித்தார். பதில் சொன்னது கோவிந்தராஜுலு.

"டிபன் காசா? நான் குடுக்கவே இல்லீங்களே. பஸ் ஸ்டாப் பக்கத்து டிபன் கடையில சொல்லி வெச்சிருந்தேன். கடைக்காரர் காலைல இருந்து போன்ல கூப்பிட்டுட்டே இருக்காரு, ஆளுங்க வரலை, இட்லியெல்லாம் ஆறுதுன்னு. இவுங்ககிட்ட கேட்டா ஆச்சுங்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. வேலை நடக்கறப்ப எதுக்குப் பேச்சுன்னு விட்டுட்டேன்."

"எந்தக் கடைன்னு நீங்க சொல்லலீங்களே," என்றார் மேஸ்திரி மெதுவாக. "நாம எப்பவும் போற கடைன்னு நெனச்சுப்போட்டேன். போனதும் இவங்களே 'சொல்லியிருக்காங்க, உக்காருங்க'ன்னாங்க."

"நான் இன்ஜினியர் மேடம் ஆளுங்கன்னு நெனச்சேன்," என்றார் ரங்கநாயகியம்மா. குரல் இறங்கிவிட்டது. "அப்ப நேத்து சாயந்திரம் கேட்டுக்குப் பக்கத்துல இவருக்குக் குடுத்தது?"

கோவிந்தராஜுலு யோசித்தார். "அதா? மருதமலைத் திருநீறு. முதல் சட்டிக் கலவையில போடச் சொல்லிக் குடுத்தேன்."

"போட்டாச்சுங்க," என்றார் மேஸ்திரி. "மேல கன்னி மூலையில."

நான் கீழே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தேன். மேலே என்ன போட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோவிந்தராஜுலு முகம் சுளித்துக்கொண்டே மெஸ் காசைக் கொடுத்தார். ஆறிப்போன இட்லிக்கும் அவர்தான் கொடுக்க வேண்டும். "அதுல பாதி உங்க கணக்குல கழிப்பேன்" என்றார். மேஸ்திரி தலையாட்டினார். பிறகு கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"நான் காசு வாங்கினேன்னு யாரு சொன்னது?"

ரங்கநாயகியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்புக்கரசி பட்டென்று மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. கூலியைக் கையில் வைத்து, "மெஸ்ஸுல வேலை கெடச்சிருச்சாமா? நல்லதா போச்சு. முழங்காலப் பாத்துக்கோ" என்றார். இனிமேல் வர வேண்டாம் என்பதை அதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது. வாசலில் அவர் கை எதற்காகச் சட்டைப் பைக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் தெரியாது.

திங்கட்கிழமை மெஸ்ஸுக்குப் போனேன். ரங்கநாயகியம்மா வேலை கொடுத்தார். "பின்வாசல்ல வா. கல்லாப் பக்கம் உனக்குச் சோலி இல்ல," என்றார். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் எனக்கு இட்லி வைத்திருந்தார். தொடுவதற்கு முன்னால், "இது யாரு கணக்குங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் கேலிக்குக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் தெரிந்த குரல்கள் கேட்டன. தொட்டியிலிருந்து பார்த்தால் கல்லா தெரியும். லட்சுமணசாமி மேஸ்திரி நின்றிருந்தார். பின்னால் பிரவின்குமார், அன்புக்கரசி, மற்றவர்கள். யாரும் உட்காரவில்லை.

"முதல்லயே காசப் புடிச்சுக்க அம்மணி," என்றார் மேஸ்திரி மானசாவிடம். உள்ளே தொட்டி வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக. "அப்பறம் உக்காந்துக்கறோம்."

"தின்னுட்டுக் குடுங்கண்ணா, என்ன அவசரம்?"

"இல்ல கண்ணு. வாங்கிக்கோ."

கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. அன்புக்கரசி மட்டும் ஒருமுறை பார்த்தாள், புதிதாக ஒட்டிய சுவரொட்டியைப் பார்க்கிற மாதிரி.

ரங்கநாயகியம்மா அடுப்பிலிருந்து என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"திங்கறதுக்கு முந்தியே காசு குடுக்கறான் பாரு. இத்தன நாளாக் கடை நடத்தறேன், அப்படி ஒருத்தனப் பாத்ததில்ல. என்னமோ இருக்குது. நீ அவிங்களோட இருந்தவதான? ஒரு கண்ணு வெச்சுக்கோ."

என் கையில் சோப்பு நுரை.

"மேஸ்திரி அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க," என்றேன்.

ரங்கநாயகியம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"சனிக்கெழம நீதான அம்மணி சொன்ன?"