ஸம்ஸியாவின் அலைப்போர்வை

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்ததிலிருந்து சிலாவத்துறைக் கடல் ஸம்ஸியாவின் மடியில் கிடக்கும் போர்வையைப் பார்த்துத்தான் அலையடிக்கிறது. அவள் ஒரு வரி பின்னினால் கரையில் ஓர் அலை வரிசை கூடும். ஊசியை வைத்துவிட்டு உலை வைக்கப் போனால், பாதி எழும்பிய அலை அப்படியே நின்று அவளுக்காகக் காத்திருக்கும். மீன் விலை ஏறுவதையும் இறங்குவதையும் பேசுவது போலவே ஊரார் இதையும் பேசினார்கள். நம்பாதவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் பின்னத் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய கணவன் றிபாத் நோன்புக்கு முன்னர் வலை விரிக்கப் போனவன், திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. எல்லை தாண்டிப் பிடிபட்டு அக்கரையில் மறியலில் அடைபட்டிருக்கிறான் என்று அவள் சொன்னாள். ஊரும் வாய்க்கு ஓம் ஓம் என்று தலையாட்டியது. ஆளைக் காணாமல் ஜனாஸாத் தொழுகை நடத்துவதா, கணவனை இழந்தவளாக அவள் வெள்ளை உடுத்து இத்தா இருப்பதா என்று பள்ளிவாசலில் பேசினார்கள். முடிவு வராமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார்கள். "நான் வெள்ளை உடுத்த மாட்டன். அவர் உசிரோட இருக்கிறார்" என்றாள் ஸம்ஸியா.

சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் என்று பக்கத்து வீட்டு உம்மு ஸல்மாதான் அவளை மாதர் சங்கத்துப் பின்னல் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். முருங்கனிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பித்த கிருஷிகா, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட லேசானது இல்லை என்று அலை மாதிரியைக் காட்டினாள். முதலில் சங்கிலி போல ஒரு நீளம். பிறகு கொக்கி ஊசியைக் கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் குத்தி இழுத்து வந்தால், தடவும்போது வரம்பு வரம்பாகக் கையில் தட்டுப்படும். மேட்டுக்கு வந்தால் ஒரே கண்ணியில் மூன்று பின்னல் போட வேண்டும். பள்ளத்துக்கு வந்தால் இரண்டு கண்ணிகளைத் தொடாமல் தாண்ட வேண்டும். "கூட்டின அளவுக்குக் குறைக்க வேணும் அக்கா. இல்லாட்டி அகண்டுகொண்டே போகும்" என்றாள் கிருஷிகா.

ஸம்ஸியாவுக்குக் கூட்ட வந்தது. தாண்டத்தான் மனம் வரவில்லை. ஊசி படாமல் கிடக்கப்போகிற கண்ணிகளைப் பார்த்தால், யாரையோ நடுக்கடலில் விட்டுவிட்டு வருவது போல அவளுக்கு இருக்கும். ஒன்றையும் விடாமல் எல்லாவற்றிலும் குத்திப் பின்னிவிடுவாள். போர்வை வரிக்கு வரி அகன்று, கட்டிலை மூடி, அறையை மூடி, விறாந்தைக்கு வந்தது. கடலும் அகன்றது. முதலில் கரையோர மீன் வாடிகளுக்குள் வந்தது, பிறகு தார் றோட்டைத் தாண்டியது. ஒருவரும் அலறவில்லை. கருவாடு காயவைக்கும் பரண்களை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். உம்மு ஸல்மாவின் கிணறு உப்பான அன்றைக்குத்தான் பேச்சு வந்தது.

உம்மு ஸல்மா முழங்கால் வரை நனைந்த உடுப்போடு வந்து நின்றாள். "புள்ள, தொண்ணூறில எங்கட ஆக்கள ஊரை விட்டுத் துரத்தேக்க எல்லாத்தையும் விட்டுட்டு ஓடினம். புத்தளத்தில கிடந்து சீரழிஞ்சு, திரும்பி வந்து வெட்டின கிணறு அது. இன்னொருக்கா எழும்பிப் போகச் சொல்லுறியா?" அவள் ஏசவில்லை, அழுதாள். ஏசியிருந்தால் ஸம்ஸியாவும் பதிலுக்கு ஏசியிருப்பாள்.

றிபாதின் தம்பி பைசரும் வாசலில் நின்றான். பின்னலை உருவினால் கடல் பின்வாங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிழை முதல் வரியிலேயே இருந்தபடியால் முழுவதையும் உருவ வேண்டும் என்பதும், உருவினால் வற்றுகிற கடலின் அடியில் என்ன கிடக்கும் என்பதும்கூடத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் பைசர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "மதினி, றிபாத் நானா அக்கரையில இருக்கிறார் எண்டா, கடல் வத்தினாலும் அவருக்கு ஒண்டும் ஆகாதுதானே."

பாவி, அந்த நேரம் பார்த்து அப்படியொரு நியாயத்தைச் சொன்னானே என்று ஸம்ஸியா அவனை வெறுத்தாள். பிறகு நூல் முனையைத் தேடி எடுத்து இழுத்தாள்.

அவள் உருவ உருவ உம்மு ஸல்மா நூலைப் பந்தாகச் சுற்றினாள். உச்சி வேளை லுஹர் பாங்கு கேட்டபோது கடல் றோட்டுக்கு அப்பால் போயிருந்தது. பின்னேரம் அஸர் ஆகி, சங்கிலி மட்டும் மிஞ்சியபோது கடல் தூரத்தில் ஒரு கோடாகக் கிடந்தது. ஈர மணலில் துடித்த மீன்களைப் பொறுக்க ஒருவரும் போகவில்லை. ஆண்கள் மட்டும் நடந்து போனார்கள். கவிழ்ந்த வள்ளத்துக்குப் பக்கத்தில், வலை சுற்றிய காலோடு றிபாத் கிடந்தான். இத்தனை மாதம் கிடந்தும் முகம் ஊறவில்லை. வெற்றிலை போட்ட வாய் சிவப்பாகவே இருந்தது. பைசர் திரும்பி நடந்து வந்த நடையிலேயே ஸம்ஸியாவுக்கு விளங்கிவிட்டது. "கொண்டு வாங்கோ. குளிப்பாட்டுங்கோ" என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, தெரு முழுக்கக் கேட்கும்படி.

அன்றைக்கே அடக்கம் செய்தார்கள். ஸம்ஸியா வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தாள். கடல் மட்டும் போன இடத்திலேயே நின்றது. வள்ளங்கள் மணலில் சரிந்து கிடந்தன. கேட்க எல்லாருக்கும் கூச்சம். ஒரு காலை அவளே ஊசியை எடுத்தாள். பள்ளத்துக்கு வந்ததும் கை நின்றது. றிபாதின் பெயரைச் சொல்லி அழுதபடி இரண்டு கண்ணிகளைத் தாண்டினாள். அப்படியே கூட்டின அளவுக்குத் தாண்டித் தாண்டிப் பின்ன, கடல் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

பைசர் இத்தாவுக்குக் கட்டிய திரைக்கு வெளியே நின்று, தொழிலுக்குப் போகட்டுமா என்று கேட்டான். "போ தம்பி. நீ வந்து சேருமட்டும் நான் ஊசியைக் கீழ வைக்க மாட்டன்" என்றாள். சொன்னபடி, சின்னச் சின்ன மேடாக, பசித்தும் எழும்பாமல் பின்னிக்கொண்டே இருந்தாள். அவன் மீன் கோர்வையோடு வந்து வேலியடியில் குரல் கொடுத்த பிறகே தண்ணீர் குடித்தாள்.

இத்தா முடிந்த பிறகும் ஊரில் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. வள்ளங்கள் கடலில் நிற்கும் நாட்களில் ஸம்ஸியாவின் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அவள் கை ஊசியை விடாதபடியால், தெருவார் முறை வைத்து அவளுக்குச் சோறு கொண்டுபோய் ஊட்டிவிடுகிறார்கள்.