நிலுவையில் இருக்கும் கேள்விகள்

கல்வித் துறையின் கொள்கை விளக்கக் கூட்டத்தில் முதன்முதலாகக் கேள்வி கேட்டவர் ஆற்றங்கரைப் பள்ளித் தலைமையாசிரியர். கேட்டு முடித்த பிறகு அவரால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அது மழைக்காலக் கூட்டம். மண்டல அலுவலகத்தின் மாடிக் கூடத்தில் துணை இயக்குநர் புதிய விதிகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகள் பக்கத்துப் பெரிய பள்ளிகளோடு சேர்க்கப்படும் என்று ஒரு விதி வந்தது. ஆற்றங்கரைக்காரர், ஆள் நல்ல நெட்டை, கையைத் தூக்கி, “பாலமே இல்லாத எடத்துல பிள்ளைங்க எப்படிங்க அக்கரைக்குப் போவாங்க?” என்று கேட்டார். துணை இயக்குநர் சாதுவான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். “நல்ல கேள்வி, பரிசீலிக்கிறோம்” என்றார். கூட்டம் முடிந்து எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது நெட்டையர் மட்டும் கிளம்பவில்லை. கைகொடுத்து இழுத்துப் பார்த்தார்கள். கீழேயிருந்து டிரைவர்களை வரவழைத்து நாற்காலியோடு தூக்கிப் பார்த்தார்கள். கட்டடத்தையே தூக்குவதுபோல இருந்தது என்று டிரைவர்கள் சொன்னார்கள். மருத்துவர் வந்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை, ரத்த அழுத்தம்கூட சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பசி நேரத்துக்கு வந்தது. உடம்பின் மற்றத் தொல்லைகள் அவரை விட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டன. பதில் தரப்படும்வரை அவர் பணியில் இருப்பதாகவே கருதப்படும் என்று துறை அறிவித்தது. அவர் மனைவி தினமும் சாப்பாடு கொண்டுவந்தார். முடிவெட்டுகிறவர் மாதாமாதம் மாடியேறி வந்துபோனார். அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் அவரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, சௌக்கியமா என்று கேட்டார்கள்.

கிடங்குத் தெருப் பள்ளியின் தலைமையாசிரியையும் அப்படிக் கேட்டவர்களில் ஒருவர். பிள்ளைகளும் பெற்றவர்களும் அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்கு ரயில் நிற்கும் இடத்துக்குப் பின்னால் அவர் பள்ளி. மூட்டை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள், இவர்கள் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பத்தோடு போய்விட்டு, வேலை முடிந்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். பெரிய டீச்சர் எங்கே போனீர்கள் என்று கேட்காமல், பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்து, பேன் இருந்தால் திட்டிவிட்டு, உள்ளே அனுப்புவார். வீட்டில் அவரும் கணவரும் மட்டும். கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் வெளியூரில் இருந்தாள், நிறைமாதம். பிரசவத்துக்குப் போக பெரிய டீச்சர் விடுப்பு சொல்லிவைத்திருந்தார். கூட்டத்துக்குக் கிளம்பிய அன்று காலையில் கணவர் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, “போனமா, கேட்டமா, வந்தமான்னு இரு டீச்சர். வாயைக் கொஞ்சம் வீட்லயே வச்சிட்டுப் போ” என்றார்.

அதற்குள் கேள்வி கேட்கும் வழக்கமே நின்றுபோயிருந்தது. நெட்டையருக்குப் பிறகு மலையடிவாரப் பள்ளியின் தலைமையாசிரியை ஒருத்தர் கேட்டார், அவரும் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு துணை இயக்குநர் ஒவ்வொரு விதியின் முடிவிலும் “சந்தேகம் ஏதாவது?” என்று கேட்பார், மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும், அடுத்த விதிக்குப் போவார். கேட்பாரில்லை என்று ஆனதும் விதிகளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. விளையாட்டு நேரம் முதலில் போனது. பிறகு மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான தனி வகுப்பு போனது. ஒரு கூட்டத்தில், ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு விதி வந்தது. அதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கணவர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்த அன்று, கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் பெரிய டீச்சர் தன் டம்ளரோடு நெட்டையர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மலையடிவாரத்து அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

“அவங்க எங்கங்க?”

“எந்திரிச்சுட்டாங்க. அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலை. கேள்வியை வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. பஞ்சு மாதிரி எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

“அவ்வளவுதானா? அப்ப நீங்க ஏங்க இப்படி…”

“அவங்க படியிறங்கி வீட்டுக்குப் போறதுக்குள்ள அவங்க பள்ளிக்கூடத்துல அந்த விதி வந்துடுச்சு. பிள்ளைங்களைப் பிரிச்சு அனுப்பிட்டாங்க.” நெட்டையர் தேநீரை ஊதிக் குடித்தார். “எங்க பள்ளிக்கூடம் இன்னும் அங்கேயேதான் இருக்கு டீச்சர். கேள்வி நிலுவையில இருக்கிறவரைக்கும் தொட முடியாதாம். சட்டம் அப்படி. நான் இங்க உக்காந்திருக்கேன், அது அங்க நிக்குது.”

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்தார்கள். திரையில் வந்த முதல் விதி, நிலையான முகவரி இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் வரும் பருவத்திலிருந்து நீக்கப்படும் என்றது. பெரிய டீச்சர் தன் பள்ளியை மனசுக்குள் ஒரு சுற்று சுற்றிவந்தார். ஒவ்வொரு பெஞ்சாகக் காலியானது. கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரின் மகனும் கடைக்காரரின் இரட்டைப் பிள்ளைகளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. மகள்தான், ‘எப்பம்மா வர்ற?’ என்று அனுப்பியிருந்தாள். துணை இயக்குநர் “சந்தேகம் ஏதாவது?” என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு பள்ளித் தலைமையாசிரியை, விஷயம் புரிந்தவர்போல, பெரிய டீச்சரின் முழங்கையை மெல்லப் பிடித்தார். பெரிய டீச்சர் அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே திருப்பி வைத்தார்.

“பேரை எடுத்துட்டா, அந்தப் பிள்ளைங்க காலையில எங்கங்க போவாங்க?”

துணை இயக்குநர் அவர் பக்கம் திரும்பினார். “வேண்டாமே டீச்சர்” என்று மைக்கை மூடிக்கொண்டு சொன்னார். பிறகு கையை எடுத்துவிட்டு, நல்ல கேள்வி, பரிசீலிக்கிறோம் என்றார். பாதத்திலிருந்து இடுப்புவரை ஒரு கனம் நிதானமாக ஏறிவந்து அமர்ந்ததைப் பெரிய டீச்சர் உணர்ந்தார். வலி ஒன்றும் இல்லை. ரொம்ப நாள் அலைந்துவிட்டு உட்கார்ந்தாற்போல இருந்தது. பயமாக இருந்ததும் அதனால்தான்.

சாயங்காலம் கணவர் ஒரு பையில் மாற்றுப்புடவையும் தலையணையும் எடுத்துக்கொண்டு வந்தார். யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். வந்தவர் திட்டவில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்துவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, “சொல்லித்தானே அனுப்பினேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு வெகுநேரம் அவருடைய கால்விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பிரசவத்துக்கு அவர்தான் போனார். போய்ச் சேர்ந்து, மருத்துவமனை வராந்தாவில் ஆண்கள் யாரும் செய்யாத வேலையெல்லாம் செய்து, பேத்தி பிறந்த செய்தியைக் கைப்பேசியில் சொன்னார்.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது முகம் இறுகியிருந்தது. “வாபஸ் வாங்கும்மா. ஒரு வார்த்தை. எத்தனையோ பேர் இருக்காங்க கேக்க, நீதான் கிடைச்சியா?” என்றாள். “ரெண்டாம் வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா. வருஷத்துக்கு மூணு ஊர் மாறுவா. திரும்பி வந்தா யாரையும் கேக்காம அதே ஜன்னலோரத்துல போய் உக்காந்துக்குவா. அவ வந்து நிக்கும்போது பேர் இல்லைன்னு யாரு சொல்றது?” என்றார் பெரிய டீச்சர். மகள் அழுதாள். அழுது முடித்துக் குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள். பெரிய டீச்சர் அந்தச் சின்ன உள்ளங்காலை மூக்கில் வைத்துப் பார்த்தார், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார், தூங்கும் கண்ணிமையை ஊதினார். நேரமாகிறது என்று மகள் குனிந்து குழந்தையைத் தூக்கினாள். குழந்தை வரவில்லை. மறுபடி இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. வாபஸ் என்ற வார்த்தை பெரிய டீச்சரின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதற்குள் குழந்தை விழித்துக் கொட்டாவி விட்டது, சாதாரணக் குழந்தையின் கனத்தோடு கைக்கு வந்தது. மகள் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து கதவுவரை போனாள். அதற்குப் பிறகு அவள் வந்தபோதெல்லாம் குழந்தையை வாசலிலிருந்தே காட்டினாள். பேத்தி நடக்கக் கற்றதையும் பாவாடை கட்டியதையும் பல் விழுந்ததையும் பெரிய டீச்சர் அந்தத் தூரத்திலிருந்துதான் பார்த்தார்.

கிடங்குத் தெருப் பள்ளியில் பெயர்கள் அப்படியே இருந்தன. பொறுப்பாசிரியையாகப் போட்டவள் சின்ன வயசு, கூட்டம் என்றாலே கை நடுங்குகிறவள். வாரம் ஒருமுறை மாடியேறி வந்து யார் திரும்பி வந்தார்கள், யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று சொல்வாள். பெரிய டீச்சருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கூடத்தில் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கையும் மெல்ல ஏறியது. கணக்கு வாத்தியார் ஒருவர், கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளியை நடத்துகிறவர் ஒருவர், அண்ணன் தம்பியாக இரண்டு தலைமையாசிரியர்கள். நெட்டையருக்கு அங்கேயே தலை நரைத்தது. அவர் மனைவி மற்றவர்களுக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவந்தார். துப்புரவு செய்கிறவர்கள் அவர்களைச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டார்கள். துணை இயக்குநர் கூட்டத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் திரையையே பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார்.

பிறகு ஒரு கோடையில் கூட்டங்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த புதிய அறைக்கு மாற்றினார்கள். நிர்வாகிகளின் நேரத்தை மிச்சப்படுத்த அங்கே நாற்காலிகள் போடப்படவில்லை, எல்லோரும் நின்றபடியே கேட்கலாம் என்று அறிவித்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள். துணை இயக்குநரின் குரல் தளர்ந்திருந்தது. பேச்சு வராத பிள்ளைகளுக்கு இனி வகுப்பறை தேவையில்லை என்பது அன்றைய விதி. சந்தேகம் ஏதாவது என்று வழக்கம்போலக் கேட்டார். அப்புறம் ஒரு பெண் குரல், நடுங்கிக்கொண்டே, ஆனால் முழுசாக, கேட்டது. வாரம் ஒருமுறை மாடியேறி வந்து பேசும் அந்தக் குரல் யாருடையது என்று பெரிய டீச்சருக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. நெட்டையர் திரும்பி அவரைப் பார்த்தார். செருப்புச் சத்தங்கள் கும்பலாகப் படியிறங்கிப் போயின. போகாத ஒரு ஜோடி எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அலுவலக உதவியாளர் டம்ளர்களை எடுக்க வந்தார். “அந்தப் பக்கம் ஒரு டீச்சரம்மா நின்னுட்டாங்க” என்றார், மழை வருகிறது என்று சொல்வதுபோல.

“சுவரோரமாவா, நடுவுலயா?” என்று பெரிய டீச்சர் கேட்டார்.

“நடுவுலதாங்க.”

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “செருப்பைக் கழட்டிடச் சொல்லுங்க. மொத வாரம் கால் வலிக்கும், அப்புறம் சரியாப் போயிடும்” என்றார். “அவங்க வீட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, தேடுவாங்க.”

உதவியாளர் போய்ச் சொன்னார். வீட்டுக்கும் போன் போட்டார். ஆறு மணியானதும் வழக்கம்போல எல்லா அறைகளையும் பூட்டிக்கொண்டு வந்தவர், அந்த அறையில் மட்டும் விளக்கை எரியவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு இறங்கிப் போனார்.