மேரியைச் சாகடிக்காமல் புத்தகம் போடுவது எப்படி

1

வந்திருந்தோர்: கால்வின், கணினிக்கு முன்னால், சுழல் நாற்காலியில். சாந்தினி, விசிறிக்குக் கீழே, மடிக்கணினியோடு. அகதா அக்கா, வாசலை ஒட்டி அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளின் மேல். நாற்காலி கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டார். நான், புஷ்பலதா, காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில்.

இடம்: மலேசியா, ஈப்போவில் கால்வினின் அச்சுக்கடை. கல்யாண அட்டை, ஊறுகாய்ப் புட்டிக்கு ஒட்டும் லேபிள், கொஞ்ச நாளாகப் புத்தகமும்.

இப்படித் தொடங்குவது என் பழக்கம். செமோரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். லிஃப்ட் நின்றாலும் தண்ணீர் நின்றாலும் கடிதம் என்னுடையது. தாப்பாவில் நான் படித்த பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, முதலில் யார், எங்கே என்று எழுது, குறையைப் பிறகு சொல் என்பார்.

குறை இதுதான். நான் எழுதிய முதல் நாவலின் கடைசி அத்தியாயத்தில் மேரி என்ற பெண்ணைச் சாகடித்தேன். அந்த மேரி ஊறுகாய் லேபிள் வாங்கக் கடைக்கு வந்துவிட்டாள். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

2

முதலில் வேறு மாதிரிதான் தொடங்கினேன்.

[தோட்டத்தின் அந்தக் கடைசிக் காலையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ரப்பர் மரங்கள்]

நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. நல்ல வெயில்.

[பதிப்புலகம் மாபெரும் மாற்றத்தைச் சந்தித்துக்கொண்டிருக்கும் இவ்வேளையில்]

இது சாந்தினியின் வாக்கியம். சாந்தினி என் தோழி. இணையத்தில் நடக்கும் எழுத்தாளர் பட்டறைகளுக்குக் கட்டணம் கட்டிச் சேருவாள். கற்றதை எனக்குச் சும்மா தருவாள். வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அறிவுரைகளை எடுக்க மனமில்லை. சொந்தமாகப் புத்தகம் போட நினைக்கிறவர் இதை வாசித்தால் உதவட்டும்.

ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதே என்றாள். முன்பதிவு வாங்கு, வந்த அளவுக்கு அடி, மறுபடி கேட்டால் மறுபடி அடி. ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகத்தில் நீயே விண்ணப்பித்து வாங்கு, நடுவில் ஆள் வேண்டாம். யாராவது ஒப்பந்தம் நீட்டினால் அச்சு, மின்னூல், ஒலிநூல் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடாதே. ஒலிநூலைத்தான் இப்போது எல்லோரும் தேடுகிறார்கள். அட்டைப் படத்தைக் கணினியிடம் கேட்காதே. (கேட்டுப் பார்த்தோம். ரப்பர் பால் வெட்டும் பெண்ணுக்கு ஆறு விரல் வந்தது. ரப்பர் மரத்தில் தேங்காய் காய்த்திருந்தது.)

கடைசியாக ஒன்று: அச்சுக்குப் போகும் முன், உன்னைச் சந்தோஷப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரிடம் மாதிரிப் பிரதியைக் கொடு.

நல்ல அறிவுரை. கால்வினிடம் சொன்னேன்: “எனக்குத் தெரியாத யாராச்சும் வாடிக்கையாளரா பாத்துக் குடு தம்பி.” அவன் கொடுத்தான். லேபிள் அடித்து முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம்.*

* கால்வின் மேல் தவறில்லை. நானும் அகதா அக்காவும் ஒரே தோட்டம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயம், இரண்டு கதவு தள்ளி.

3

நாவலில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது, மாற்று வீடு வாங்கிக்கொண்டு வெளியேறச் சொன்னார்கள். இன்னும் நல்ல வீடாகக் கேட்போம், அதுவரை ஒருவரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று மாரியம்மன் கோயிலில் ஒரு கூட்டம், மாதா கோயிலில் ஒரு கூட்டம், இரண்டிலும் ஒரே முடிவு. மறுநாள் காலை அகதா அக்கா அலுவலகத்துக்குப் போய் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரத்துக்குள் எல்லோரும் போட்டோம். ஆனாலும் ‘மொத ஆளு’ என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடுகளில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால்தான் நாவலில் அவருக்கு மேரி என்று பெயர் வைத்தேன். மேரி கையெழுத்துப் போடவில்லை. எல்லோரும் போன பிறகும் லயத்திலேயே தனியாக இருந்தாள். மண் தள்ளும் இயந்திரம் வந்த காலையில் வாசற்படியில் செத்துக் கிடந்தாள். அக்காவுக்கு நான் போட்ட மாலை அது என்று நினைத்தேன்.

[மேரியின் மூடாத விழிகளில் அந்த மண்]

இந்த வாக்கியத்தை எத்தனை முறை எழுதியும் முடிக்க முடியவில்லை. அது இல்லாமலேயே மாதிரிப் பிரதி போயிற்று. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

4

அகதா அக்கா மாதிரிப் பிரதியைக் கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து மூடியிருந்தார்.

“நல்லாதான் எழுதியிருக்கே லதா. மேரி வைக்கிற கருவாட்டுக் கொழம்பு என் கொழம்பு. அவ கால்ல இருக்கிற தழும்பு என் தழும்பு. எல்லாம் சரிதான். ஏன் என்னைய சாவடிச்சே?”

“அது நீங்க இல்லக்கா. அது மேரி.”

“ஓ. அப்ப தழும்ப மேரி எங்கேர்ந்து வாங்குனா?”

கால்வின் அவசரமாகக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். சாந்தினி எனக்குத் துணைக்கு வந்தாள்.

“அக்கா, கதைக்கு அந்தச் சாவு வேணும்லா. அங்கதான் வாசகர் அழுவாங்க. அந்தப் பக்கத்தத்தான் நான் சின்ன வீடியோவா போட்டேன். அதப் பாத்துதான் பாதி முன்பதிவே வந்துச்சி.”

“அழுவட்டும். ஞாயித்துக்கெழம பூசைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிகிட்டுப் போறது? செத்தவ ஊறுகா விக்க வந்துட்டாம்பானுங்க.”

எல்லோரும் சிரித்தோம். அக்காவும்தான். முதலில் சிரிப்பை நிறுத்தியவர் அவர்.

“அதுகூட பரவால்ல. கையெழுத்துப் போடாத மேரி நல்லவ. செத்துட்டா, இன்னும் நல்லவ. அப்ப போட்ட அகதா யாரு? நீ எழுதல. படிக்கிற நம்ம ஆளுங்களே எழுதிக்குவாங்க.”

“உங்கள ஒசத்தணும்னுதான்கா...”

“நான் எங்க எறங்கிக் கெடந்தேன், நீ வந்து ஒசத்த?” குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “என் மக ஆட்ரிக்கு மூச்சிழுப்பு. கூரையில ஓட்டை. கக்கூஸ் போவ டார்ச் லைட்டு எடுத்துகிட்டு மேடு ஏறணும். வீடு தாரேன்னான், போட்டேன். பேனாவக் கீழ வச்சதும் எப்படி இருந்துச்சி தெரியுமா? அப்பாடின்னு இருந்துச்சி. உங்கம்மாவுக்கும் அப்படித்தான். லோரியில ஏறுறப்ப அவங்க மூஞ்சிய நான் பாத்தேன்ல. இத்தன பேரு எழுதுறீங்க, யாராச்சும் ஒருத்தர் அத எழுதுனீங்களா?”

எழுதவில்லை. புது வீட்டுக்குப் போன முதல் நாள் அம்மா சமையலறைக் குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ‘தண்ணி வருதுடி’ என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்தைப் பற்றிய நாவலில் அதற்கு இடம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அம்மா தோட்டத்தை நினைத்து அழுததை மட்டும் விடாமல் சேர்த்திருந்தேன்.

“வேணாம்னா சொல்லுங்கக்கா. புத்தகத்தையே நிறுத்திடறேன்.”

“நிறுத்துன்னு யாரு சொன்னா? உயிரோட வுடுன்னுதானே சொல்றேன்.”

வாசகரே, அந்த நொடியில் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். முந்நூறு பக்கம், தயாரான அட்டை, பின்னட்டையில் ‘கடைசிவரை மண்ணை விட்டுப் போகாத ஒரு பெண்ணின் கதை’ என்ற வாசகம். எல்லாம் போயிற்று. ஆனால் வந்தது நிம்மதி. முடிக்க முடியாத அந்த வாக்கியத்தை இனி முடிக்க வேண்டாம்.

“முன்பதிவு பண்ணவங்க?” என்றாள் சாந்தினி.

“ஒரு சூசாவும் இல்ல, ஒரு கஷ்டமும் இல்ல,” என்றான் கால்வின். “அடிக்கவே இல்லையே. ஃபைல்ல கடைசி அத்தியாயத்த மாத்துனா முடிஞ்சிது. ஆயிரம் அடிச்சி அடுக்கியிருந்தாதான் தலவலி. இந்த ஆன்ட்டியே மாங்கா முடிஞ்சா எலுமிச்சைக்கு லேபிள் மாத்துறாங்க.”

“கேட்டியா,” என்றார் அக்கா. “என் லேபிளும் உன் கதையும் ஒன்னுங்கிறான்.”

(சாந்தினி அன்றே வீடியோவை எடுத்துவிட்டு, முடிவு மாறுகிறது, பணம் வேண்டுவோர் திரும்பப் பெறலாம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். கோலா கங்சாரிலிருந்து ஒரு பெண் பதில் போட்டிருந்தார்: ‘சாகவில்லை என்றால் எனக்கு இரண்டு பிரதி. ஒன்று என் அம்மாவுக்கு.’)

5

புதிய முடிவுக்கு அங்கேயே உட்கார்ந்து மூன்று யோசனைகள் எழுதினேன்.

அ. மேரி கையெழுத்துப் போடுகிறாள். புது வீட்டில் குழாயைத் திறக்கிறாள். (அம்மாவின் குழாயை மேரிக்குக் கொடுக்கலாமா? தழும்பு விஷயத்தில் பட்டது போதும்.)

ஆ. மேரி கையெழுத்துப் போடுகிறாள். ஊர் பேசாமல் இருக்கிறது. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருத்தி வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள்.

இ. மேரி கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். (சாந்தினி: “ஒரு தடவ திரும்பட்டும்லா. வீடியோவுக்கு நல்லா இருக்கும்.”)

கடையிலேயே வாசித்துக் காட்டினேன். அக்கா லேபிள் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“இப்படி நின்ன நெலையில கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதி அனுப்பு. வாட்ஸாப்ல வேணாம், அதுல குட்மார்னிங் பூவோட பூவா போயிரும். தபால்ல போடு. ஒக்காந்து படிக்கிறேன்.”

6

[மதிப்பிற்குரிய அகதா அம்மையார் அவர்களுக்கு, வணக்கம். மேற்கண்ட விஷயம் தொடர்பாக]

கிழித்துவிட்டேன்.

அன்புள்ள அகதா அக்காவுக்கு,

பொருள்: மேரி உயிரோடு இருப்பது.

இத்துடன் நாவலின் கடைசிப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். அதில் இரண்டு வரிதான் இருக்கிறது. ‘மேரி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கீழே வைத்தாள்.’ அதற்குக் கீழே பக்கம் காலி. அப்பாடி என்று இருந்ததை நீங்கள் சொன்ன மாதிரி என்னால் எழுத முடியவில்லை. நீங்களே எழுதுங்கள். எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே அச்சாகும், உங்கள் பெயரோடு. பெயர் வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். எழுதவே பிடிக்கவில்லை என்றால் அந்த இடம் காலியாகவே அச்சாகட்டும். பதில் உறை உள்ளே இருக்கிறது, தபால் தலை ஒட்டியிருக்கிறேன்.

லதா
(இரண்டு கதவு தள்ளி)

வாசகரே, உங்கள் கைக்கு நாவலின் எந்தப் பிரதி வரும் என்று எனக்குத் தெரியாது. அக்காவின் பதிலுக்கு முன் அடித்ததென்றால் கடைசிப் பக்கம் அந்த இரண்டு வரிக்குக் கீழே காலியாக இருக்கும். அச்சுப் பிழை என்று கால்வினைக் கூப்பிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் முதல் ஆளாகப் போட்டவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள். பேனாவையும் சேர்த்துக் கொடுங்கள்.

உறையின் ஓரத்தை நனைத்து ஒட்டினேன். விரலால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தேன். செமோர் தபால் நிலையத்துக்கு வெளியே பெட்டியின் வாய்க்குள் பாதிவரை நுழைத்து, முகவரியை இன்னொரு முறை வாசித்துவிட்டு, கையை எடுத்தேன்.