கொம்பும் காலும்

"இன்னொரு தடவை வாசி" என்றார் பகவதிப்பெருமாள்.

தங்கபாய் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "தெ... ஆ... ட்டி."

"தெயாட்டியா? அப்படி ஒண்ணு உண்டாட்டி இந்த லோகத்துல? தொட்டி! சொல்லு."

சிறுமி வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு இது மூன்றாம் வருஷம். அவளுடைய டீச்சர் மங்கலம், பகவதிப்பெருமாளின் மனைவி, பள்ளி விட்டதும் அவளை வீட்டுக்கே கூட்டி வந்து வாசிக்க வைப்பாள். நெஞ்சு நோவில் படுத்த பிறகு அந்த வேலையைக் கணவரிடம் ஒப்படைத்தாள். "திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வாறாரு. இந்தத் தடவையும் தோத்தா அவ அப்பன் வேலைக்கு அனுப்பிருவான். நீங்க கொஞ்சம் பாத்துக்கிடுங்க." அதன்பின் மூச்சிரைப்பு கூடி, இரண்டு நாளாகப் பேச்சே இல்லை.

இப்போது தலையணைகளில் சாய்ந்தபடி அவள் கதவு வழியாக இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென இரண்டு கைகளையும் தூக்கினாள். உள்ளங்கைகள் நடுங்கி நடுங்கி ஒன்றை ஒன்று நெருங்கின.

அவர் எழுந்து ஓடினார். "என்னட்டி, தண்ணியா?"

தம்ளரை உதட்டில் வைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் கைகளைத் தூக்கினாள். அவர் வலுக்கட்டாயமாக ஒரு வாய் புகட்டினார். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. கைகள் போர்வைமேல் விழுந்தன. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் கரமனை ஆற்றங்கரையில் தகனம் நடந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கபாய் வந்தாள். கையில் புத்தகம் இல்லை.

"இன்ஸ்பெக்டர் வந்தாரா?"

"வந்தாரு."

"வாசிச்சியா?"

இல்லையென்று தலையாட்டினாள். "அவரும் சத்தம் போட்டாரு, மாமா."

அவள் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தாள்.

"அன்னைக்கு டீச்சர் தண்ணி கேக்கல்ல."

"பின்னே?"

அவள் தன் சிறிய உள்ளங்கைகளை விரித்தாள். "இது கொம்பு. இது கால். எழுத்து நடுவுல இருக்கு. ரெண்டையும் சேத்துப் பிடிச்சு ஒரே சத்தமா சொல்லணும்னு டீச்சர் இப்பிடித்தான் காட்டித் தருவாங்க." கைகளை மெல்லச் சேர்த்தாள். "தொ."

"இதை ஏம்ட்டி அப்பமே சொல்லல்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். "உங்களைப் பாத்தா பயமா இருந்துது" என்றாள்.

"நாளைக்கும் வா. நான் சத்தம் போடமாட்டேன்."

"நாளையிலேருந்து அப்பா கூட வேலைக்குப் போணும், மாமா."

அவள் படியிறங்கினாள். ஆரியசாலைத் தெருவில் மூட்டை வண்டிகளுக்கு நடுவே அவளுடைய பின்னல் கொஞ்ச தூரம் தெரிந்தது. ஒரு வண்டி குறுக்கே வந்தது. அது கடந்துபோகும்வரை அவர் வாசலிலேயே நின்றார்.