மூடியில் இருந்த சந்தனம்

வேடியப்பன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு என் மெக்கானிக் கடைக்கு வந்தார். போன மாதம், நெஞ்சு வலி என்று துடித்த மனைவி சின்னபொண்ணுவை முள்ளிப்பட்டிலிருந்து ஆரணி ஆஸ்பத்திரிக்கு அதில்தான் ஏற்றி வந்தார். ரைஸ்மில் அருகே வண்டி நின்றுவிட்டது. மிதித்து மிதித்துப் பார்த்தும் கிளம்பவில்லை. ஆட்டோ கிடைப்பதற்குள் அந்த அம்மா போய்விட்டார். அதன்பிறகு வேடியப்பன் அந்த வண்டியில் ஏறவே இல்லை.

"அன்னிக்கு ஏன் நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்க," என்றார்.

எனக்கு முதல் மிதியிலேயே கிளம்பியது. குறையே இல்லாத வண்டியில் எதைத் தேடுவது என்று எரிச்சலாக வந்தது. அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன். மூன்றாவது கிலோமீட்டரில் திணறி நின்றது. பிளக்கில் பொறி நன்றாகவே வந்தது. பெட்ரோல்தான் இறங்கவில்லை. டேங்க் மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனது, மிதித்தேன், கிளம்பிவிட்டது. மூடியில், பெட்ரோல் இறங்குவதற்காகக் காற்று போகும் சின்னத் துளையைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது.

"எவன் இதுமேல சந்தனத்த அப்புனது?" என்று கத்தினேன்.

"அவதாங்க, ஆயுத பூஜைக்கு. நடுவழியில நிக்கக் கூடாதுன்னு வேண்டிகினே வெச்சா." என் முகத்தையே பார்த்தார். "ஏங்க, அதாலயா நின்னுச்சு?"

"சேச்சே, பிளக்கு போயிருக்கு."

கடைக்குத் திரும்பி, நன்றாக இருந்த பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டேன். பழையதை அவர் கேட்டு வாங்கினார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பாவி, ஒரு அரை மணி நேரம் தாங்கியிருக்கக் கூடாதா?" என்று அதனிடம் கேட்டார்.