கடிக்காத பாம்பு

சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகை அவள் இழுத்ததும் பாம்பு தலையைத் தூக்கித் துப்பியது. கடிக்கவில்லை. துப்பிவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல விறகுக்குள் போய்விட்டது. பாதி விஷம் அவள் இடது கண்ணில், மீதி பக்கத்தில் நின்ற மேஸ்திரியின் முழங்கையில்.

அவன் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். "கடிக்கவே இல்லையே. எம்மேலயுந்தான் பட்டுது, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கண்ணுக்குள் தணலை வைத்து அழுத்தியதுபோல இருந்தது அவளுக்கு. தடுமாறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள். புருஷன் குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் தண்ணீர் படக்கூடாது, பட்டால் உள்ளேயே கொதிக்கும், எண்ணெய்தான் விட வேண்டும் என்பது காளவாய்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறின பழக்கம்.

"விடுங்க, கழுவிக்கிறேன்."

"தண்ணி படக்கூடாதுடி. பேசாம இரு."

மடியில் சாய்த்து விளக்கெண்ணெயை ஊற்றி, துணியால் இறுக்கிக் கட்டினான். அன்பாகத்தான் கட்டினான். அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஸ்திரியோ, சூளை இறக்காமல் ஒருத்தரையும் விட முடியாது என்றுவிட்டான். "கடிச்சிருந்தா நானே வண்டி வச்சு அனுப்பியிருப்பேன்ல?"

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கட்டை அவிழ்த்த நர்ஸம்மா முகத்தைச் சுளித்தாள்.

"எண்ணெய் விட்டது யாரு?"

புருஷன் தரையைப் பார்த்தான். "மேஸ்திரி கையிலயும் பட்டுச்சும்மா. அவருக்கு ஒண்ணும் ஆகலையே."

"புண்ணு இல்லாத தோலு தாங்கும். கடிச்சா ரத்தத்துல ஏறும். கண்ணுல பட்டா, பட்ட இடத்தையே அரிச்சிடும்யா. அப்பவே தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கணும். சுண்ணாம்பா இருந்தாலும் அதேதான்."

அவளுக்கு வலியைவிட அந்தத் தொட்டிதான் உறுத்தியது. ரெண்டு எட்டு வைத்திருந்தால் போதும். தளும்பத் தளும்பக் கிடந்தது.

மறுநாள் காலையில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது மேஸ்திரி போன் செய்தான். புருஷன் போனைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"கடிபடாத ஆளுக்கு எதுக்கு லீவுன்னு கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

அவளிடமிருந்து 'நீ' என்று அவன் கேட்டதே இல்லை.

நர்ஸம்மா பஞ்சை எடுத்துவிட்டு, அவளுடைய நல்ல கண்ணைக் கையால் மூடினாள். "என்ன தெரியுது?"

வெள்ளை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. சுவரா, சுண்ணாம்பு படிந்து துவைக்காத அவன் சட்டையா?

"கொஞ்சம் தள்ளி நில்லு," என்று புருஷனிடம் சொன்னாள் அவள்.

அவன் நகர, வெள்ளையில் ஒரு ஓரம் மட்டும் மெல்ல அசைந்தது.