விழுந்த இடம்

கறுப்பு மார்க்கர் காய்ந்துபோன அன்றுதான் எல்லா வம்பும் ஆரம்பித்தது. அதற்கு முன் நான்கு மாதமாக அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாய்கூட ஏனென்று கேட்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிற வேலை அவளுக்கு. ஆறு வருடமாகத் தற்காலிகம்தான். வருடத்துக்கு ஒருமுறை பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. கட்டுப் போட்டு முடித்ததும் அதன் மேல் தேதியை எழுத வேண்டும், உள்ளே எலும்பு உடைந்திருக்கும் இடத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிற்பாடு பிரிக்கிறவர்களுக்கு அது வசதி. இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் அவளாகவே சேர்த்துக்கொண்டாள். விழுந்த இடம்.

எழுத வைத்தது மார்க்கெட் முக்குக் குழி. சாக்கடை மேல் கிடந்த கான்கிரீட் மூடி உடைந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மழை பெய்தால் தெருவும் குழியும் ஒரே தண்ணீர். முதலில் ஒரு தபால்காரர் வந்தார், அப்புறம் ஒரு நிறைமாத கர்ப்பிணி, அப்புறம் பால் வண்டிக்காரர். எல்லோர் காலிலும் அதே தார் மாதிரியான கறுப்புச் சேறு. கட்டுப் போடும் முன் அதைக் கழுவுவது அவள்தான், அதனால் அந்த நாற்றம் அவளுக்கு மனப்பாடம். நகராட்சிக்கு நான்கு மனு எழுதினாள். ஒரு தடவை நேரிலேயே போனாள். அங்கிருந்த கிளார்க் மனுவைப் படிக்கவேயில்லை, அவள் முகத்தைத்தான் படித்தார்.

"யாரு அனுப்பிச்சாங்க?"

"யாரும் அனுப்பல சார். நானாத்தான் வந்தேன்."

நானாகத்தான் வந்தேன் என்கிறவர்களுக்கு அந்த ஆபீசில் நாற்காலி கிடையாது. நின்றபடியே கொடுத்துவிட்டு நின்றபடியே திரும்பினாள்.

ஒன்பதாவதாக ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்தாள். வலியில் அழக்கூடத் தெம்பில்லாமல், புத்தகம் நனைந்துவிட்டது, டீச்சர் திட்டுவார் என்று முனகிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டின் மேல்தான் முதன்முதலாக எழுதினாள்: "மார்க்கெட் முக்குக் குழி – 9". அவ்வளவு ஆத்திரத்தில் எழுதியதால் எழுத்து கோணிக்கொண்டது. அடுத்த கட்டிலிருந்து நிதானமாக, பெரிதாக எழுதினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அந்தக் கால்கள் பஸ்ஸில் ஏறின, ரேஷன் கடை வரிசையில் நின்றன, கல்யாண வீட்டில் முதல் வரிசையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தன. ஊர் பார்த்தது, உச்சுக் கொட்டியது, போய்விட்டது.

பதினேழாவது காலுக்கு மார்க்கர் எழுத மறுத்தது. உதறிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். பிறகு சிஸ்டர் மேஜையில் கிடந்த பச்சையை எடுத்து எழுதிவிட்டாள். எதிர்க்கட்சியின் கொடி பச்சை என்பது அந்த நேரத்தில் அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் வரவில்லை. ஊருக்கு அது மட்டும்தான் ஞாபகம் வந்தது.

இரண்டே நாளில் எதிர்க்கட்சிக்காரர்கள் கேமராவோடு வந்து இறங்கினார்கள். பதினேழாவது காலுக்குச் சொந்தக்காரரைக் கூட்டத்துக்குத் தூக்கிப்போய், மேடையில் ஒரு மேஜை மேல் காலை வைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினார்கள். கறுப்பில் எழுதிய எட்டுக் கால்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களுடைய வட்டத் தலைவர் அவளைத் தேடி வார்டுக்கே வந்தார்.

"எங்க கூட வந்துடும்மா. உனக்கு ஒண்ணுன்னா நாங்க இருக்கோம்."

"மூடி போட்டுத் தருவீங்களா?"

"ஆட்சிக்கு வந்ததும் மொத வேலையே அதுதான்."

"அதுக்குள்ள இன்னும் எத்தனை கால் வேணும் உங்களுக்கு?"

தலைவர் சிரித்து மழுப்பினார். போகும்போது திமிர் பிடித்தவள் என்று வராந்தாவில் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

அன்று மாலையே பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தால் மட்டும் நல்ல மனிதராக இருக்க முடியாதவர்.

"நீ எந்தக் கட்சிம்மா?"

"எந்தக் கட்சியும் இல்ல சார்."

"அப்புறம் உனக்கென்ன இதுல?"

கழுவிய கால்களையெல்லாம் அவர் மேஜை மேல் கொட்டிக் காட்ட முடிந்தால் காட்டியிருப்பாள். கட்சியில் இருந்தால்தான் கோபப்பட உரிமை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? வாயைத் திறந்தால் வேலை அங்கேயே போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தேதி, கோடு, அதோட நிறுத்திக்கோ. அந்தக் குழி பேரை இன்னொரு கட்டுல பார்த்தேன்னா இந்த வருஷம் கையெழுத்து கிடையாது. யாரு எழுதினாலும் நீதான் பொறுப்பு."

பதினெட்டாவதாக வந்தது அவள் தம்பி.

தம்பி ஆளுங்கட்சியில் அறிவிப்பாளன். ஆட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுவதால் பட்டப்பெயரே மைக்கு. அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, தலை துவட்டி வளர்த்தது அவள்தான். பச்சை மார்க்கர் விவகாரத்துக்குப் பிறகு, "கட்சில என் மானத்தையே வாங்கிட்டே" என்று கத்திவிட்டுப் போனவன் பத்து நாளாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது காலை பதினோரு மணிக்கு ஸ்டிரெச்சரில் கிடந்தான். வேட்டி முழங்கால் வரை கறுப்பு. கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வாசல் நிலையில் சாய்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எலும்பு டாக்டர் காலை நேராக்கிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். அவள் ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தாள். விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால். கழுவுகிற பேசினில் தண்ணீர் கறுத்தது.

"எங்கடா விழுந்தே?"

"படிக்கட்டுல."

"யார் வீட்டுப் படிக்கட்டு?"

அவன் வாசலைப் பார்த்தான். "எல்லாத்தையும் கேட்டுட்டே இருக்காதேக்கா."

அவள் பஞ்சைச் சுற்றினாள். மாவுச் சுருளை வாளித் தண்ணீரில் முக்கினாள்; குமிழி அடங்கியதும் எடுத்துப் பிழிந்து, பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை சுற்றி, உள்ளங்கையால் நீவிக் கொடுத்தாள். ஈரமான கட்டின் மேல் விரல் வைக்கக்கூடாது. விரல் பதிந்தால் அந்தப் பள்ளம் உள்ளே சதையைக் குத்திப் புண்ணாக்கிவிடும். வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்வாள், அவனுக்கும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து புது மார்க்கரை எடுத்தாள். தேதி எழுதத்தான் எடுத்தாள்.

அதைப் பார்த்ததும் அவன் சடாரென்று எழுந்து உட்கார்ந்து, எழுதுகிற இடத்தை ஐந்து விரலாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

"எழுதாதேக்கா. உன் கால்ல விழறேன்."

"கையை எடுடா."

எடுத்தான். மாவில் ஐந்து குழி விழுந்திருந்தது.

அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. கத்தரியை எடுத்துக் கட்டை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். "ஊர் பூரா மைக்குல தொண்டை கிழியக் கத்தறியே. நான் இங்கதான் விழுந்தேன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா? பள்ளிக்கூடத்துப் பொண்ணு சொன்னாடா, எங்க விழுந்தேன்னு. உன் கால் உடைஞ்சிருக்கு, உன் கால்! அதைக்கூட அவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் உடைச்சியா?"

வாசலில் நின்றவர்களில் ஒருவன், "அம்மா, கொஞ்சம் பார்த்துப் பேசுங்க" என்றான்.

"நீங்க பார்த்து நடங்க. அடுத்தது உங்க காலா இருக்கும். அதுக்கும் நான்தான் கட்டுப் போடணும்."

ஈர மாவைப் பிய்த்தெடுத்துத் தொட்டியில் போட்டாள். மறுபடி பஞ்சு, மறுபடி சுருள், மறுபடி வாளி. இந்த முறை அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். சின்ன வயதில் அடி வாங்கும்போதும் அப்படித்தான் வைத்துக்கொள்வான். அவளுக்கு அது கண்ணில் பட்டது, கோபம் குறையவில்லை. கட்டு மெல்லச் சூடேறி இறுக ஆரம்பித்தது. தேதி எழுதினாள். கோடு இழுத்தாள்.

பிறகு மார்க்கரை அவன் கையில் திணித்தாள்.

"என் வேலை முடிஞ்சுது. மீதியை நீ எழுது."

"எழுதினா உன் வேலை போயிடும்க்கா. பெரிய டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும்."

"அது என் கவலை. விழுந்தது நீ."

வாசலில் நின்ற இருவரும் ஓரடி உள்ளே வந்தார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் பேசினைத் தூக்கிப்போய்க் கறுப்புத் தண்ணீரைக் கொட்டினாள். திரும்பி வந்தபோதும் அவன் அப்படியேதான் உட்கார்ந்திருந்தான். மார்க்கரை மைக்கைப் பிடிக்கிற மாதிரியே வாய்க்குக் கீழே பிடித்திருந்தான். திறந்தே வைத்திருந்தால் அது காய்ந்துவிடும். அதன் மூடி அவள் கைக்குள் இருந்தது; அவள் கொடுக்கவில்லை.